முத்திரைக்குப் பல் கட்டிய கதை

எனக்குக் கை சும்மா இருக்காது. பாரூரில் அம்மா வீட்டில் இருந்தவரை இதை எல்லாரும் சாமர்த்தியம் என்றார்கள். பேரிகைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த எட்டாவது மாதம், அதே சாமர்த்தியம்தான் என் மாமனாரின் மானத்தைக் கொண்டுபோய் ஆட்டுக்கல்லில் மோதியது. ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. அன்று அழுத அழுகைக்கு இன்று நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

விஷயம் விளங்க வேண்டுமானால் முதலில் களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டோடு சேர்த்து ஐந்து பங்காளி வீடுகள். நிலம் பொது, களமும் பொது. கேழ்வரகை அடித்துத் தூற்றிக் களத்தின் நடுவே குவித்துவிட்டால் அதற்குப் பொலி என்று பெயர். பங்கு பிரிக்கும் நாள்வரை அதிலிருந்து ஒரு பிடிகூட யாரும் எடுக்கக் கூடாது. குவியலுக்குப் பூட்டு போட முடியுமா? அதனால் ஈரக் களிமண்ணை அடை மாதிரி தட்டிப் பொலியைச் சுற்றி வைத்து, ஒவ்வொன்றின் மேலும் முத்திரை குத்துவார்கள். யாராவது கை வைத்தால் தானியம் சரியும், மண் அடை விரிசல் விடும், குட்டு வெளிப்பட்டுவிடும். பங்கு போடும் நாளில் ஐந்து வீட்டுப் பெரியவர்களும் கூடி, முத்திரையை ஒவ்வொரு அடையோடும் பொருத்திப் பார்த்த பிறகுதான் பொலியைத் தொடுவார்கள்.

அந்த முத்திரை எங்கள் வீட்டில் இருந்தது. மாக்கல்லில் செதுக்கியது. உள்ளங்கை அகலத்தில் சதுரம். பிடிக்கத் தோதாக மேலே ஒரு படுத்த காளை. அடிப்பக்கத்தில் நடுவே கலப்பை, மேல் மூலைகள் இரண்டில் சூரியனும் பிறையும், கீழே மூலைக்கொரு கதிர். முத்திரை யார் வீட்டிலோ, களத்தில் அவர் சொல்தான் செல்லும். என் மாமனார் அதைப் பட்டுத் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்திருந்தார். அடுத்த தெருவில் இருந்த பெரியப்பாவுக்கு, அதாவது மாமனாரின் பங்காளி அண்ணனுக்கு, அது மூத்தவர் வீடான தன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று தீராத ஆசை. வழக்கத்திலும் அதற்கு ஒரு வழி இருந்தது. முத்திரைக்கு ஊனம் வந்தால் அது அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும்.

அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை பொலிக்கு முத்திரை குத்தியாயிற்று. வியாழக்கிழமை பங்கு. இடையில் அஞ்செட்டிப் பக்கம் நல்ல ஜோடி மாடு இருப்பதாகச் சேதி வரவே மாமனார் திங்கள் காலையில் கிளம்பிவிட்டார். போகும்போது பெட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"உங்க அத்தகிட்ட குடுத்தா எங்கியாச்சும் வெச்சிட்டுத் தேடுவா. நீ வெச்சிக்கோம்மா" என்றார்.

எட்டு மாதத்து மருமகளிடம் வீட்டுச் சாவியையே தராத காலம் அது. களத்துச் சாவியைக் கொடுத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் ஒரு புது மண் அடுப்பு செய்து நிழலில் வைத்திருந்தேன். அடுப்பு செய்வதில் எனக்குக் கர்வம் உண்டு. தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒற்றை அடுப்பு, மூன்று குமிழ், வழவழவென்று உடம்பு. திங்கள் மத்தியானம் அதைத் தட்டிப் பார்த்தேன். ஈரம் பாதி போய் மெழுகு பதத்தில் இருந்தது. உடம்பைச் சுற்றி வெறுமையாக இருக்கிறதே, ஏதாவது பூ வைக்கலாமே என்று தோன்றியது. கண் மரப்பெட்டியின் மேல் போயிற்று. சாவி என் இடுப்பில் இருந்தது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

காளையைப் பிடித்து அழுத்தினேன். கலப்பை, சூரியன், பிறை, கதிர்கள் எல்லாம் அடுப்பில் அப்படியே எழும்பி வந்தன. கை கொட்டிச் சிரித்தேன். ஒன்று குத்தியவள் ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். சுற்றிலும் எட்டு வைத்தால் அளவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, ஏழு குத்திவிட்டேன். எட்டாவதற்குக் கையைத் தூக்கியபோது விரலெல்லாம் களிமண் வழுக்கல். காளை நழுவி ஆட்டுக்கல்லின் விளிம்பில் விழுந்தது. பிறை இருந்த மூலை பொடிப்பொடியாகத் தெறித்துவிட்டது. ஒட்ட வைக்கலாம் என்றால் கையில் அகப்பட்டது மாவுதான்.

அப்படியே உட்கார்ந்து அழுதேன். திட்டு வாங்குவேனே என்ற பயம் இல்லை, திட்டு எனக்குப் பழக்கம். சாவியை நீட்டியபோது மாமனார் முகத்தில் இருந்த நம்பிக்கை கண்ணுக்கு முன்னால் வந்து வந்து நின்றது. என்னால் அவர் வியாழக்கிழமை ஐந்து வீட்டார் முன்னால் தலை குனிந்து பெட்டியைப் பெரியப்பாவிடம் நீட்ட வேண்டும்.

சத்தம் கேட்டு என் மாமியார் வந்தார். அவர் கட்டுப்பல் வைத்திருந்தவர். யோசிக்க வேண்டுமென்றால் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பல்லைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அந்தப் பல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு பேசினார்.

"போன வருசம் இது ரெண்டா ஒடஞ்சிப் போச்சில்ல? ஓசூர் சீனாக்காரன்தான ஒட்டிக் குடுத்தான்? இன்னிக்கு வரிக்கும் முறுக்கு கடிக்கிறேன். அவன்கிட்டப் போங்க."

என் வீட்டுக்காரர் வயலிலிருந்து வந்ததும் சிரித்துவிட்டார். "முத்திரைக்குப் பல் டாக்டரா?" என்றார். வேறு வழி சொல்லுங்கள் என்றேன். பதிலுக்கு அவர் ஒன்று கேட்டார். போன மூலை எப்படி இருந்தது என்று அந்தச் சீனாக்காரருக்கு எப்படித் தெரியும்? களத்து அடையைத் தொட்டால் அது திருட்டு. யோசித்து யோசித்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுப்பைத் திரும்பிப் பார்த்தோம். ஏழு பிறைகளும் அதில் முழுசாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலையில் அடுப்பைக் கோணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். முத்திரை அவர் மடியில். எங்கே போகிறோம் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் தெலுங்கில் கேட்க, என் வீட்டுக்காரர் பல் ஆஸ்பத்திரிக்கு என்று உளறிவிட்டார். கண்டக்டர் கோணியை விலக்கிப் பார்த்து, "ஒலெகூ ஹல்லு நோவா?" என்றார். அடுப்புக்கும் பல்வலியா என்று கன்னடத்தில் கேட்கிறார். அதைத் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிச் சொல்லி ஓசூர் வரைக்கும் பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தால் அடுப்பு ஆடும், ஆடினால் உடையும் என்று வயிற்றை அமுக்கிக்கொண்டு சிரித்தேன்.

சீன டாக்டர் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறை வைத்திருந்தார். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் பல்செட்டுகள் இளித்துக்கொண்டிருக்கும். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. கல்கத்தா வழியாகப் பெங்களூர் வந்து, அங்கிருந்து ஓசூருக்கு வந்தவர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் கூடிக் குலாவும். நான் அடுப்பை அவர் மேஜைமேல் வைத்ததும் குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தார்.

"ஒரு பல்லும் இல்லம்மா. எல்லாம் போச்சு" என்றார்.

ஆனால் என் வீட்டுக்காரர் துணியை அவிழ்த்து முத்திரையை எடுத்ததும் அவர் விளையாட்டு நின்றுவிட்டது. இரண்டு கையாலும் வாங்கினார். காளையின் திமிலைத் தடவினார். உடைந்த இடத்தை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். உள்ளே போய்ச் சின்ன டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் அவருடைய முத்திரை இருந்தது. இரண்டு விரல் உயரம், மெழுகு நிறக் கல், தலையில் ஒரு குட்டிச் சிங்கம். கூடவே பீங்கான் கிண்ணத்தில் குங்குமக் குழம்பு மாதிரி ஒரு சிவப்பு மை. அதை ஆமணக்கெண்ணெயில் குழைப்பார்களாம். ஆமணக்கெண்ணெயா என்று வாயைப் பிளந்தேன். எங்கள் வீட்டில் அதைக் குடம் குடமாக வைத்திருக்கிறோம், வயிற்றுக்கும் விளக்குக்கும் தவிர அதற்கு வேறு வேலை உண்டென்று யார் கண்டார்கள்! காகிதத்தில் ஒரு குத்துக் குத்திக் காட்டினார். அவர் பேர் சிவப்பாக விழுந்தது.

அந்தக் கல்லை அவரே செதுக்கியிருந்தார். இளம் வயதில் பல் கட்டப் பழகுவதற்கு முன் கல் செதுக்கத்தான் பழகினாராம். கல்லை மரச் சட்டத்தில் ஆப்பு வைத்து இறுக்கி, முகத்தில் மையால் எழுத்தைத் திருப்பி எழுதி, பேனாக் கத்தி மாதிரி ஒரு சின்ன உளியால் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும். ஊதி ஊதிப் பார்க்க வேண்டும்.

"இது சின்ன மனுசன் கல்லு. ராஜா கல்லு வேற" என்றார்.

சீனத்து ராஜா முத்திரை ஜேட் என்ற பச்சைக் கல்லாம். அதில் உளி ஏறாது. ஈர மணலைத் தடவி, சின்ன இரும்புச் சக்கரத்தைக் காலால் மிதித்துச் சுழற்றி, தேய்த்துத் தேய்த்துத்தான் ஓர் எழுத்தை எடுக்க முடியும். ஒரு முத்திரைக்கு மாதக்கணக்கில் ஆகும். பிடிக்கு மேலே காளை இல்லை, பறவை நாகம், டிராகன் என்பார்களே அது. உத்தரவு எவ்வளவு பெரிதானாலும் அந்தச் சிவப்பு விழாமல் செல்லாது. எல்லாவற்றிலும் மூத்த ஒரு முத்திரை இருந்ததாம். ராஜ்யத்தைப் பிடுங்க வந்தவன் அதைக் கேட்டபோது, ராஜா வீட்டு மூத்த ராணி கோபத்தில் அதைத் தரையில் விட்டெறிந்தாளாம். ஒரு மூலை தெறித்துப் போயிற்று.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இன்னா, தங்கம் வெச்சு மூலை கட்டினாங்க. அதுக்கப்புறமும் எத்தினியோ ராஜா அதையே குத்தினாங்க. நீ ராணி மாதிரி எறிஞ்சியா?"

"இல்லீங்க, நழுவிடுச்சி."

"அப்போ ராணிக்கு நீ தேவலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது. தங்கத்துக்கு என் மூக்குத்தியைக் கழற்றப் போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். தங்கம் மெத்தென்று அழுந்திப் போகுமாம், களிமண்ணில் ஓங்கிக் குத்துகிற முத்திரைக்கு பல்செட்டில் ஈறுக்கு வைக்கிற சரக்குதான் தோதாம்.

அதன் பிறகு அரை நாள் வேலை. காலால் மிதித்துப் பல் குடைகிற ராட்டினத்தை என் வீட்டுக்காரர் மிதிக்க, டாக்டர் உடைந்த இடத்தில் இரண்டு துளை போட்டு ஊசிக் கம்பிகளை நட்டார். மெழுகை இளக்கி அடுப்பிலிருந்த பிறைமேல் வைத்து அழுத்தினார். மெழுகில் மூலை வந்துவிட்டது. அதைக் கல்லில் பொருத்தி, சுற்றிப் பல் அச்செடுக்கிற மாவைக் குழைத்துப் பூசி அச்சாக்கி, மெழுகை வழித்துவிட்டு அங்கே ஈறுச் சரக்கை அடைத்தார். இனிமேல் கொதிக்கிற தண்ணீரில் வேக வேண்டும். பார்த்தால் அவர் ஸ்டவ்வில் கிருஷ்ணாயில் இல்லை. மூன்று பேரும் அடுப்பைப் பார்த்தோம். கொல்லையில் சுள்ளி பொறுக்கி மூட்டினேன். முதலில் பால் காய்ச்ச வேண்டிய என் புது அடுப்பில் முதல் முதலாகப் பல் வெந்தது.

அச்சை உடைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூலை ரோஜா நிறம்! அப்பட்டமான ஈறு. கறுத்த கல்லில் அது மட்டும் என் மாமியார் வாய் மாதிரி இருந்தது. சரக்கு இந்த ஒரு நிறத்தில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். பிறையின் ஓரங்களை உளியால் கூராக்கி, குத்திப் பார்க்கலாம் என்றார். அடுப்பின் எட்டாவது இடத்தில் களிமண் குழைத்து அப்பிக் கொடுத்தேன். குத்தினார். எட்டும் ஒன்று போல நின்றன. அவருக்கு ஏக சந்தோஷம். அடுப்பைச் சாய்த்து, அந்த எட்டாவதற்கு நேர் கீழே, அடிவிளிம்பில் ஒரு துளி களிமண் ஒட்டித் தன் சிங்க முத்திரையையும் குத்தினார். வேலை செய்தவன் பேரைக் கல்லின் பக்கவாட்டில் போடுவது அவர்கள் வழக்கமாம். கூலி என்ன என்று கேட்டதற்கு ஒரு செம்பு ஆமணக்கெண்ணெய் கேட்டார்.

புதன்கிழமை முழுக்க அந்த அடுப்பில் சமைத்தேன். சாயங்காலம் மாமனார் புது ஜோடி மாட்டோடு வந்தார். தெருவே மாட்டைப் பார்க்க வந்துவிட்டது. அவர் சிரிப்பைப் பார்த்தபோது சொல்ல வாய் வரவில்லை. விடியற்காலையில் சொல்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விடிந்ததும் காப்பியைக் கொண்டுபோனால் அவர் கையில் பெட்டி திறந்திருந்தது. முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். முத்திரையைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு களத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். பின்னாலேயே ஓடினேன்.

களத்தில் ஐந்து வீட்டாரும் கூடியிருந்தார்கள். மாமனார் முத்திரையை வெளியே எடுத்தார். எப்போதும் உள்ளங்கையில் ஏந்திக் காட்டுகிறவர், அன்று பிடித்துக் காட்டினார். கட்டை விரல் பிறை மூலையின் மேல் இருந்தது. ஒவ்வொரு அடையாகப் பொருத்தி வந்தார், எல்லாம் பொருந்தின. கடைசியில் பெரியப்பா வழக்கப்படி கேட்டார்.

"முத்திர ஊனமில்லாம இருக்குதா தம்பி?"

அதற்கு ஆமாம் என்று சொல்வதுதான் வழக்கம். என் மாமனார் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் வாய் திறந்தது. எனக்காக அந்த வாயிலிருந்து ஒரு பொய் வரப்போகிறது என்று தெரிந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

"மாமா, வெரல எடுங்க. பெரியப்பா, நான்தான் ஒடச்சேன். சரி பண்ணியும் கொணாந்தேன்."

மாமனார் மெல்ல விரலை எடுத்தார். வெயிலில் ஈறு பளபளத்தது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பெரியப்பா சிரிக்கவில்லை, கையை நீட்டினார்.

"அப்ப வழக்கப்படி எங்கூட்டுக்கு வரட்டும்."

நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அடுப்பில் ஏழு குத்தியதும், சீனத்து ராணியும், தங்க மூலையும், எட்டாவதும், அதற்கு நேர் கீழே அடியில் குத்திய சிங்க முத்திரையும் எல்லாம். கேட்டுக்கொண்டிருந்த மாமனார் மகனிடம் அடுப்பைக் கொண்டுவரச் சொன்னார். சமைத்த புகையில் அது ஒரே நிறமாகியிருந்தது. அதைக் களத்து நடுவில் வைத்தார்.

"அண்ணா, இதுல ஏழு ஒடையறதுக்கு முந்தி குத்துனது. ஒண்ணு சரி பண்ண பிறகு. அது எதுன்னு எனக்கும் தெரியாது. அடியப் பாக்காம நீ காட்டிட்டா ஊனம் இருக்குதுன்னு அர்த்தம், முத்திர உன்னுது. காட்ட முடியலன்னா ஊனம் இல்ல."

அவர் நேரில் பார்த்தவர்கூட இல்லை, என் பேச்சை மட்டும் நம்பிப் பெட்டியைப் பணயம் வைத்துவிட்டார். பெரியப்பா கண்ணாடியை வரவழைத்து மாட்டிக்கொண்டு குந்தினார். குந்தியபடியே அடுப்பைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. அந்த எட்டாவது முத்திரைக்கு நேராக வந்து நின்று பிறையை நகத்தால் தடவினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் நகர்ந்து போயிருந்தார். மூன்றாவது சுற்றில் வேறொன்றின் மேல் விரலை வைத்தார்.

"இதுதான். பிறை கொஞ்சம் கோணலா இருக்குது பாரு."

மாமனார் அடுப்பைக் கவிழ்த்தார். பெரியப்பா காட்டிய இடத்துக்குக் கீழே வெறும் மண். எதிர்ப்பக்கத்தில், நகக்கண் அளவில், சீன எழுத்து.

களம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பெரியப்பா சிறிது நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு பாவம், அவருக்கும் தாங்கவில்லை. பொக்கை வாயைத் திறந்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், என் மாமியார் அங்கேயே தன் பல்செட்டைக் கழற்றி நீட்டி, "ஓசூர்ல அதே ஆளுதான் மாமா, நீங்களும் போங்க" என்றார். அடுத்த மாதம் அவர் போகவும் செய்தார்.

பொலியில் முதல் அடையை உடைப்பது எப்போதும் முத்திரை வைத்திருப்பவர்தான். மாமனார் குனியவில்லை. என்னைக் கூப்பிட்டு உடைக்கச் சொன்னார். உடைத்தேன். கேழ்வரகு கால்மேல் சரிந்தது. பிறகு முத்திரையைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தார்.

"ஒடஞ்ச மூலதான் இப்ப கெட்டி. மத்த மூணப் பாத்துக்கோம்மா" என்றார்.

பெட்டிச் சாவியைத் திருப்பித் தர இடுப்பில் கையை வைத்தேன். அவர் அதற்குள் புது மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.